மடத்துச் சுவருக்குள் இருந்தவன்

என்னோடு படித்தவர்களுக்கு அந்த மடத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை என்று நினைத்திருந்தேன். போன கிழமை உங்களில் ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டு, வாவிக் கரையில் நின்ற அந்தக் கட்டடம் கன்னியர் மடம்தானே என்று கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன். அது கன்னியர் மடமா? பெண் வாடையே படக்கூடாது என்று மதில் எழுப்பிக்கொண்டு உள்ளே இருந்த சாமிமாரின் மடம் அது. இதையே மறந்தவர்கள், என் அப்பாவுக்கு வைத்த பட்டத்தையும் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. பட்டம் வைத்தவள் யார் என்றும் எனக்குத் தெரியும். கை நடுங்காமல் வாசியுங்கள்.

என் மருமகள் என்னைச் சந்தேகக்காரி என்கிறாள். பொய்யில்லை. மருந்துக் குளிசையைக்கூட மணந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறேன். யாராவது மிக அன்பாகப் பேசினால் இவளுக்கு என்ன வேண்டுமோ என்றுதான் முதலில் தோன்றும். இது பிறவிக் குணம் இல்லை. நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து ஊரை வறுத்தெடுத்த ஒரு காலத்தில் எனக்குள் வந்து குடியேறிய குணம்.

அந்த மடத்துக்கு ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை. எல்லா வினையும் அதில்தான் தொடங்கியது. கடலில் எடுத்த முருகைக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய மொட்டை மதில், தென்னை மரத்தின் பாதி உயரத்துக்கு. வாவிப் பக்கம் மட்டும் ஒரு படித்துறையும் சின்னக் கதவும். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் முதல் சாமிமார் வள்ளத்தில் வந்து இறங்கியது அந்தப் படியில்தானாம். மரமும் ஓடும் அதே வழியில் வந்தனவாம். சாந்துக்குப் பனங்கட்டித் தண்ணீரும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்தார்கள் என்று பேச்சு. பஸ் நிற்கும் இடத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் அதைச் சொல்லிச் சொல்லி வயிறெரிவார். சுவர் தின்ற முட்டையை நம்முடைய பிள்ளைகள் தின்றிருந்தால் ஊரில் ஒரு நோஞ்சான் இருக்காதாம்.

உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். அவர் மேசன். மடத்தில் ஓடு மாற்ற, வெடிப்புப் பூச அவரைத்தான் கூப்பிடுவார்கள். நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் கிணறு. முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் வளைவு வளைவாகத் தூண் வைத்த நடை. நடையை ஒட்டிச் சாமிமாரின் அறைகள். கதவு பணிவானது, குனிந்துதான் போகவேண்டும். ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், நிமிர்ந்து பார்த்தால் வானம் மட்டும் தெரியும். அந்தச் சாமிமார் பேசா விரதக்காரர். சாப்பாட்டு மண்டபத்தில் ஒருவர் புத்தகம் வாசிக்க மற்றவர்கள் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவார்களாம். அம்மாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. பேசாமல் தின்கிற ஆட்களை நம்பக் கூடாது என்பாள்.

நான் பார்த்ததெல்லாம் கிறுகுபெட்டிதான். வாசல் மதிலுக்குள் பதித்த, பாதிப் பீப்பாய் போன்ற மரப்பெட்டி. நட்ட நடுவில் அச்சு. வெளியே நின்று சாமானை வைத்துக் கிறுக்கித் திருப்பினால் பெட்டி சுழன்று உள்ளே போகும். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொண்டு வேறேதும் வைத்துக் கிறுக்கினால் வெளியே வரும். கொடுப்பவர் முகம் எடுப்பவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கோழி முட்டைகளை நான் பன்புல்லில் இழைத்த பன்பெட்டியில் கொண்டுபோய் வைப்பேன். மரத்தில் எண்ணெய் போடாத அச்சு கிறீச் என்று கத்தும். கொஞ்ச நேரத்தில் பெட்டி திரும்பி வரும்போது சூடான பாண் ரொட்டித் துண்டு ஒன்று இருக்கும், கரை கருகினது. அந்த மணத்தை இப்போது நினைத்தாலும் வாய் ஊறுகிறது.

பாணை வைப்பது குசினி அண்ணன். மடத்தில் சமையல் செய்த இளந்தாரி. தாய் தகப்பன் இல்லாமல் அக்காவின் கையில் வளர்ந்தவர். வேதக்காரர்கள், கிறிஸ்தவ மீன்பிடிக் குடும்பம். அக்காவுக்கும் அப்போது பெரிய வயதில்லை, இருபது இருக்கலாம். அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வந்து அக்காவின் கையால் சாப்பிடுவார். பெட்டிக்குப் பின்னால் இருந்து குரலை மாற்றி, கிழவன் போல, "ஆரு புள்ள நீ? முட்டையெல்லாம் நீ இட்டதா?" என்று கேட்பார். நான் கோபித்துக்கொண்டு பெட்டியில் ஓங்கி அடிப்பேன். உள்ளே இருந்து சிரிப்புக் கேட்கும். முகத்தைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு நன்றாக ஞாபகம்.

சாமிமார் ஒவ்வொருவராகச் செத்தும் போயும் குறைந்து, அந்தக் கச்சான் காலத்தில் மிஞ்சியது ஒரே ஒரு வெள்ளைக்காரப் பிறதர்தான். காது மந்தம். வெளி வேலைகளைப் பார்க்க அவருக்கு மட்டும் பேச அனுமதி இருந்தது. அவருடைய தமிழை நீங்கள் மறந்திருக்க முடியாது. அகராதியில் படித்த தமிழ். ஒரு பொருளின் பெயர் தெரியாவிட்டால் இரண்டு சொல்லை ஒட்டிப் புதிதாக ஒன்று செய்துவிடுவார். குசினிக்கு நெருப்பறை. கிணற்றடிக்குத் தண்ணீரறை. மரியாதைப் பன்மை என்கிற சங்கதி அவர் படித்த பாடத்தில் இல்லைபோலும், அவருக்கு எல்லாரும் அவன்தான். சாமிமாருக்கெல்லாம் பெரியவரான மேற்றிராணியார் மடத்தைப் பார்க்க வந்தபோது, "அவன் வந்தான், அவன் நன்றாகத் தின்றான்" என்று கடையில் சொல்லிவிட்டார். ஊர் அதை வைத்து ஒரு மாதம் சிரித்தது. நாமும் வகுப்பில் தலைமை ஆசிரியரை அப்படிச் சொல்லி முழந்தாளில் நின்றோமே.

மாமாங்கத் திருவிழா முடிந்து தீர்த்தத்துக்கு வந்த வண்டிகள் திரும்பிய கையோடு, மடத்தைப் பூட்டப் போகிறார்கள் என்று கதை வந்தது. பிறதர் ஊருக்குப் போய் வேறு சாமிமாரைக் கூட்டிக்கொண்டு வரும்வரை கட்டடம் மூடிக் கிடக்குமாம். அப்பாவுக்கு உள்ளே வேலை. ஒவ்வொரு நாளும் தலை முழுக்கச் சுண்ணாம்போடு வந்தார். என்ன வேலை என்று அம்மா கேட்டால் அடைக்கிற வேலை என்பார். எதை என்று கேட்டால் சோற்றைப் போடு என்பார். ஒரு நாள் பின்னேரம் உடம்பெல்லாம் ஈரமாக வந்து நின்றார். மாமாங்கக் கோயில் இருக்கிற அமிர்தகழிக்குச் சைக்கிளில் போய்த் தீர்த்தத்தில் முழுகிவிட்டு வந்திருந்தார். திருவிழா முடிந்த பிறகு யார் தீர்த்தம் ஆடுவார்கள்? அம்மா அவரைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். அந்தப் பார்வையை அன்றுதான் முதல் தரம் கண்டேன். பிறகு அது அவளுடைய முகத்தை விட்டுப் போகவே இல்லை.

அடுத்த நாள் காலை பிறதர் பஸ் ஏற வந்தார். கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மடத்தில் இனி முட்டை வாங்க ஆளில்லை என்பதால் நான் பன்பெட்டியோடு கடைக்கே வந்திருந்தேன். பஸ் புறப்படும் நேரம் பிறதர் அப்பாவின் தோளை இழுத்துக் காதுக்குள் ஏதோ சொன்னார். காதுக்குள் சொல்வதாகத்தான் அவருடைய எண்ணம். பாதி ஆயுளை வாய் மூடி இருந்த, காது கேட்காத மனிதனுக்குத் தன் குரலின் அளவு எப்படித் தெரியும்? முழுக் கடைக்கும் கேட்டது.

"கல்லறையை நன்றாக மூடினாய். அவன் உள்ளே படுத்திருக்கிறான். ஒருவனிடமும் சொல்லாதே. நான் வருவேன்."

அப்பா தலையாட்டினார். பஸ் போய்விட்டது. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. குசினி அண்ணனின் அக்கா சோறாக்கி வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். மடம் பூட்டியாயிற்று, தம்பி தன் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கே வந்துவிடுவான் என்று மீன் வாங்கிப் பொரித்து வைத்தாளாம். அவர் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. மடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் படித்துறைப் பக்கத்துக் கதவு வழியாக எட்டிப் பார்த்தபோது, குசினிப் படியில் அவருடைய தோல் செருப்பு இரண்டும் ஒழுங்காக வைத்தபடி இருந்தன. செருப்பைப் போடாமல் ஒரு மனிதன் ஊரை விட்டுப் போவானா?

பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நீங்களும் அதில்தானே இருந்தீர்கள். கடையில் கேட்ட பேச்சு கால் முளைத்து ஊரெல்லாம் நடந்தது. கல்லறை. அவன். உள்ளே படுத்திருக்கிறான். ஒருவருக்கும் சொல்லாதே. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பிறதர் அடித்துக் கொன்றார், மேசன் சுவர் வைத்து மூடினான். ஏன் கொன்றார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. பூசைக் கிண்ணத்தைக் களவெடுத்தவன் என்றார்கள், இரகசியம் ஒன்றைக் கண்டுவிட்டான் என்றார்கள். பேசா விரதக்காரர் உள்ளே என்ன செய்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் நடத்தி வைக்கலாம் அல்லவா?

ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் வந்தார், பொலிசும் வந்தது. மடத்துக்குள் போய்ப் பார்த்தார்கள். அங்கே சாமிமார் பூசை வைக்கும் கோயிலின் பக்கப் படிக்குக் கீழே ஒரு வாசலை முழுக்க அடைத்துப் புதுச் சாந்து பூசியிருந்தது. அந்தச் சுவரின் இடுப்பு உயரத்தில் சின்னதாக ஒரு விளக்கு மாடம். செத்தவருக்கில்லாமல் யாருக்கு இங்கே விளக்கு மாடம் வைத்தாய் என்று விதானையார் கேட்டாராம். அப்பா, "உள்ளுக்கு மனிசர் ஒருத்தரும் இல்லங்கய்யா" என்று மட்டும் சொன்னார். அப்படியென்றால் அந்தப் பிறதர் சொன்ன அவன் யார்? அதற்கு வாயே திறக்கவில்லை. சுவரை உடைக்க மடத்தின் மேலிடத்தார் சம்மதிக்கவில்லை, சாமிமார் வந்துதான் திறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பொலிசுக்கும் கச்சான் வெயிலில் கல் உடைக்க ஆசையில்லை. போய்விட்டார்கள். கடைக்காரர் மட்டும் விடவில்லை. மனிசர் இல்லை என்றானே, செத்த பிறகு மனிசனா, பிணம்தானே என்று அப்பாவின் வாய்ச்சொல்லைப் பிரித்துப் பிரித்து விளக்கம் சொன்னார்.

எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. ஒரு மத்தியானம், ஊர் உறங்கும் நேரம், கிறுகுபெட்டிக்குள் ஏறிக் குந்திக்கொண்டு கையால் மதிலைத் தள்ளினேன். அச்சு கத்தியது. பெட்டி என்னை உள்ளே கொண்டுபோய் விட்டது. பெண் காலே படாத மடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான்தான், இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். வெளியே அனல். உள்ளே நடையில் தண்ணீர் தெளித்தது போலக் குளிர்ச்சி. வளைவுகளின் நிழல் தரையில் வரிசையாக விழுந்திருந்தது. மெழுகும் வௌவால் எச்சமும் கலந்த ஒரு மணம். கிணற்று வாளி கயிற்றோடு இருந்தது. அப்பாவின் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். மாடத்தின் விளிம்பை மேசன் கரண்டியால் தாமரை இதழ்போல் வழித்து முடித்திருந்தார். எங்கள் வீட்டுச் சாமி அறை மாடத்தையும் அப்படித்தான் செய்திருந்தார். காதை வைத்துக் கேட்டேன். சுவருக்குள் ஒரு இரைச்சல். தேனீயா, என் காதில் அடித்த இரத்தமா, எனக்குத் தெரியாது. ஓடி வந்து பெட்டிக்குள் விழுந்தேன். 

அன்று முதல் அப்பா சோறு பிசைகிற கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

வீட்டில் அம்மா அவர் அடைப்பு வேலைக்கு உடுத்திருந்த சாரனைக் கொல்லையில் போட்டு எரித்தாள். ஒரு நாள் பின்னேரம் என்னை இழுத்து அவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"உள்ளுக்கு ஆரும் இல்லையெண்டு இந்தப் புள்ளைட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. ஊர் என்னவும் பறையட்டும். எனக்கு அது போதும்."

அப்பா கையை உயர்த்தினார். என் தலைக்கு மேலே கை வந்துவிட்டது, சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை இறங்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் அதைத் தன் மடிக்கே திருப்பி எடுத்திருந்தார். அம்மா என் கையை விட்டாள். அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் அவருக்குச் சோறு போட்டாள், உடம்புக்கு வருத்தம் வந்தால் மருந்துக் குடிநீர் அவித்துக் கொடுத்தாள், எல்லாம் செய்தாள். முகம் பார்த்துப் பேசியதை நான் காணவில்லை.

ஊரில் அப்பாவுக்கு வேலை நின்றது. வீடு கட்டி நிலை வைக்கும்போது மேசனுக்கு வேட்டியும் வெற்றிலையும் கொடுத்து முதல் கை வைக்கச் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கை ஆகாது என்று விட்டார்கள். வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டைகளுக்கு நடுவில் களஞ்சியம் கட்டப் போனார். நெல் ஏற்ற வந்த வண்டிக்காரன் ஒருவன் கதையையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தான். அங்கேயும் முடிந்தது. கடைசியில் கிணற்றுக்குச் சீமெந்து வளையக் கொட்டு இறக்குவதும் மலசலகூடக் குழி கட்டுவதும்தான் அவருக்குக் கிடைத்த வேலை. எனக்கு நீங்கள் வைத்த பெயர் 'கல்லறை மேசன்ட மகள்'. கணக்குப் பாடத்தில் என்னைப் பார்த்து எழுதிக்கொண்டே அப்படிக் கூப்பிட்டவள், அவள்தான், இப்போது எனக்குக் காலையில் பூப் படம் அனுப்புகிறாள்.

வெள்ளிக்கிழமை தோறும் குசினி அண்ணனின் அக்கா எங்கள் வேலி ஓரம் வந்து நிற்பாள். சண்டை பிடிக்க மாட்டாள், மண் அள்ளித் தூற்ற மாட்டாள். அதைச் செய்திருந்தால் நாங்களும் திருப்பிப் பேசியிருப்போம். ஒரே ஒரு கேள்விதான். "மேசனண்ணன், என்ட தம்பி எங்க?" அப்பா முருங்கை மரத்தடியில் கையில் இருந்ததோடு அப்படியே எழும்பி நிற்பார். தலை குனிந்திருக்கும். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடத்துக்குப் போய் அந்த விளக்கு மாடத்தில் மெழுகுதிரி கொளுத்துவாள். மடத்தைக் கூட்டுறவுச் சங்கத்தார் நெல் போட்டு வைக்க எடுத்திருந்தார்கள், காவற்காரர் அவளை மறிப்பதில்லை. குனிந்த தலையைக் குற்றம் என்றுதான் நானும் படித்தேன். வேறு எப்படிப் படிப்பது?

பிறதர் வரவில்லை. வேறு சாமிமாரும் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் கச்சான் தொடங்கினால் அப்பா பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருவார். கடைசிப் படுக்கையில், மூச்சு இழுக்கும்போது அம்மா இன்னொரு தரம் கேட்டாள். "சாமி வந்து திறக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அம்மா அழுதாள். அவர் போனதற்கா, சொல்லாமல் போனதற்கா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு அந்த மடம் கண்டதை எழுதினால் ஒரு புத்தகம் காணாது. சூறாவளியில் ஓடு பறந்தது. கலவர நாட்களில் சனம் அந்த நடைகளில் பாய் விரித்துப் படுத்தது. துப்பாக்கியோடு துவக்குக்காரர் வந்தார்கள், அவர்கள் போக வேறு துவக்குக்காரர் வந்தார்கள். கதவு, நிலை, கிணற்று வாளி, கிறுகுபெட்டி என்று கழற்றக் கூடியதெல்லாம் போயிற்று. அந்த ஒரு சுவரில் மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை. பிணம் இருக்கிற சுவர் என்று வந்தவருக்கெல்லாம் ஊர் சொல்லி வைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் காணாமல் போவது வழக்கமாகிவிட்ட காலமும் வந்தது. தேடி அலுத்து, விளக்கு வைக்கவும் ஒரு இடம் இல்லாத தாய்மார், வெள்ளிக்கிழமைகளில் அந்த அக்காவோடு சேர்ந்து அங்கே வரத் தொடங்கினார்கள். வேதக்காரர் மெழுகுதிரி கொளுத்தினார்கள், சைவக்காரர் தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். என் அப்பா செய்த தாமரை மாடம் கரி பிடித்துக் கறுத்துப்போனது.

இந்த வருடம் கட்டடத்தை ஒரு கம்பனி குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டார் வந்து தங்கும் விடுதியாக மாற்றுகிறது. சாமிமார் வானம் பார்த்த அறைகளில் இனி ஏசி போட்டுப் படுப்பார்களாம். கோயிலுக்குக் கீழே வழி எடுக்க அந்தச் சுவரை உடைக்கவேண்டும் என்று அறிந்ததும் நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். முழங்கால் நோவெல்லாம் எங்கே போனதோ. உடைப்பதற்கு ஊரில் எதிர்ப்பு இருந்தது, அந்தத் தாய்மார் கூடாது என்றார்கள். உடையுங்கள் என்று நான் சொன்னேன். உள்ளே எலும்பு இருந்தால் என் அப்பா கொலைகாரர், இல்லையென்றால் இல்லை. எனக்கு இது சாவதற்கு முதல் தெரியவேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் போயிற்று, எனக்காவது தெரியவேண்டும்.

அன்று பங்குச் சாமி வந்திருந்தார், ஊரும் வந்திருந்தது. அக்காவை ஓட்டோவில் ஏற்றி வந்து கதிரையில் இருத்தினார்கள். எண்பது தாண்டிய உடம்பு, காற்றடித்தால் விழுந்துவிடும். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் என்ன என்று நான் எட்டிப் பார்த்தேன். பழைய தோல் செருப்பு இரண்டு, கருவாடுபோல் காய்ந்து வளைந்து கிடந்தன.

வேலைக்காரப் பொடியன் மேலே இருந்து கல்லைக் கழற்றினான். அப்பாவின் சாந்து லேசில் விட்டுக் கொடுக்கவில்லை. ஆள் தலை போகும் அளவுக்கு வாசல் வந்ததும் அவன் டோர்ச் அடித்துப் பார்த்தான். பார்த்தவன் பின்னால் பாய்ந்து விழுந்தான். "ஆள் படுத்திரிக்கு" என்றான்.

அந்த ஒரு நிமிடத்தில் நான் எல்லாவற்றையும் நம்பினேன். எரிந்த சாரன், மடிக்குத் திரும்பிய கை, எல்லாம் சரியாகவே பொருந்தியது. மற்றக் கற்களையும் எடுத்தார்கள். அக்கா ஒருவரையும் பிடிக்காமல் எழும்பிப் போனாள். பையில் இருந்து செருப்பை எடுத்துக்கொண்டு குனிந்தாள். கல்லால் வளைத்துக் கட்டிய சின்ன அறை, ஜன்னல் இல்லை. நடுவில் ஒரு மரக் கட்டிலில் ஆள் நீளத்துக்கு ஒருவர் படுத்திருந்தார். போர்த்திய துணி நைந்து போயிருந்தது. துணிக்கு வெளியே பாதம் தெரிந்தது. பாதத்தில் ஆணி அடித்த துளை. வர்ணம் செதில் செதிலாக உரிந்து, உள்ளே மரம்.

பங்குச் சாமி முழந்தாளில் விழுந்தார். பெரிய வெள்ளிக்கிழமைக்கு வெளியே எடுக்கிற, சிலுவையில் பாடுபட்டு மரித்த ஆண்டவரின் மரச் சுரூபம். மடம் கட்டிய காலத்தில் கடல் கடந்து வந்ததாக இருக்கவேண்டும், இப்படி ஒன்றை இந்த நாட்டிலேயே தான் கண்டதில்லை என்றார். மடத்துக்கு வெளியே யாருக்கும் அது இருந்தது தெரியாது. ஆளில்லாத மடத்தில் களவு போகும், விற்றுவிடுவார்கள் என்று பயந்துதான் பிறதர் மூடச் சொல்லியிருப்பார்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று என்னைக் கேட்காதீர்கள். கல்லறை! அந்த மனிதர் நெருப்பறை, தண்ணீரறை மாதிரி, கல்லால் கட்டிய அறைக்குக் கல்லறை என்று பேர் வைத்திருக்கிறார். படுத்திருக்கிற அவன், அவருடைய ஆண்டவர். சைவக்காரர் நாங்கள் முருகனை அவன் இவன் என்போம். ஆனால் வேதக்காரர் வாயில் ஆண்டவர் எப்போதும் அவர்தானே. அதனால் அவன் என்ற சொல்லைக் கேட்ட ஒருவருக்குமே கடவுள் என்று தோன்றவில்லை, சமையற்காரன் என்றுதான் தோன்றியது. மேற்றிராணியாரை அவன் என்றதற்கு ஒரு மாதம் சிரித்த ஊர் இது.

அப்பாவையும் அங்கேதான் விளங்கிக்கொண்டேன். அமிர்தகழித் தீர்த்தத்தில் முழுகி, பிறதர் வரும்வரை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று தன் சாமி மேல் வாக்குக் கொடுத்திருக்கிறார். மனிசர் ஒருத்தரும் இல்லை என்று பொலிசுக்குச் சொன்னது சத்தியம். ஆனால் உள்ளே ஆரும் இல்லை என்று பிள்ளையின் தலையில் அடிக்கச் சொன்னால் எப்படி அடிப்பார்? தன் கையால் படுக்க வைத்து, விளக்கு மாடமும் வைத்த கடவுளை ஆருமில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அம்மா, உனக்கு இதை யாரம்மா வந்து சொல்வது? என் அப்பா கொலைகாரர் இல்லை என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தியும்விட்டேன் என்று நினைக்கிறேன். கடைக்காரரின் பேரன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

சனம் முழந்தாளில் இருந்து செபம் சொல்லத் தொடங்கியது. அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கையில் செருப்பு. அவளுக்குப் பின்னால் வெள்ளிக்கிழமைத் தாய்மாரும் நின்றார்கள், அவர்களும் முழந்தாளிடவில்லை. திறந்து கிடந்த அறையை அவள் மூலை மூலையாகப் பார்த்தாள். கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. விளக்கு மாடம் உடைந்து கல்லுச் சல்லிக்குள் கிடந்தது. அவள் மெதுவாகக் கிறுகி என் பக்கம் வந்தாள். கோபம் இல்லை. அந்த வேலி ஓரத்தில் நின்ற அதே முகம்.

"உன்ட அப்பா நல்ல மனிசன்தான் புள்ள. ஓம், இப்ப விளங்கிட்டு" என்றாள். பிறகு செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என்ட தம்பி எங்க?"

பதில் தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? அப்பாவும் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.